பனிக்கால விழா: ஒருத்தரும் விட்டுப்போகாம கொண்டாடுவோம்



தீபாவளிச் செலவு முடிஞ்ச கையோட அடுத்து என்ன? கார்த்திகை, மார்கழி, அப்புறம் தை. நம்ம முன்னோர் ஒரு வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். அதில் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. சம்பா அறுவடை நெருங்கும். பரங்கி, மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் சந்தைக்கு வரும். குழுப் பெண்கள் ஒன்றாகக் கூடி, ஒரு பொழுது சிரித்துப் பேசி, சாப்பிட்டுப் போக இதைவிட நல்ல காலம் கிடையாது.

பல குழுக்களில் பொங்கல் விழா நடக்கிறது. ஆனால் விழா முடிந்து புகைப்படத்தைப் பார்த்தால் 15 பேர் குழுவில் 9 பேர்தான் நிற்பார்கள். மீதி 6 பேர் எங்கே என்று கேட்டால், "அவங்களுக்கு வேலை இருந்துச்சு" என்று பதில் வரும். கொஞ்சம் ஆழமாக விசாரித்தால் வேறு காரணங்கள் தெரியும். ஒருத்தருக்குக் கையில் காசு இல்லை. ஒருத்தர் கணவரை இழந்தவர். ஒருத்தருக்குத் தவணை பாக்கி. ஒருத்தருக்கு அந்த இடத்துக்கு வரவே தயக்கம். இன்னொருத்தர் கூலி வேலையை விட முடியாதவர்.

விழா நன்றாக நடந்ததா என்பதை, பந்தல் எவ்வளவு பெரிசு, பாட்டுப்பெட்டி எவ்வளவு சத்தம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்கள் மனநிறைவோடு போனார்களா என்பதுதான் அளவு. அதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். எப்படித் திட்டமிடுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: பணம் எங்கிருந்து?

முதலில் ஒரு கண்டிப்பான விதி. குழுவின் சேமிப்பு, சுழல் நிதி, வங்கிக் கடன், உள்கடனுக்கு வைத்திருக்கும் பணம், இவற்றில் ஒரு ரூபாய்கூட விழாவுக்கு எடுக்கக் கூடாது. அது உறுப்பினர்களின் பிழைப்புக்கான பணம். "இப்ப எடுத்துக்கலாம், அப்புறம் போட்டுடலாம்" என்று ஆரம்பித்தால் கணக்கு அங்கேயே ஓட்டை விழும். தணிக்கை நாளில் ஊக்குநரும் பிரதிநிதிகளும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விழாவுக்காக யாரும் வெளியில் வட்டிக்கு வாங்கவும் வேண்டாம்.

அப்போ பணத்துக்கு வழி? ஐப்பசியிலேயே ஆரம்பித்தால் தைக்கு 12 வாரம் இருக்கிறது. வாரம் ஆளுக்கு 5 ரூபாய். 12 வாரத்துக்கு ஆளுக்கு 60 ரூபாய். 15 பேருக்கு 900 ரூபாய். ஒரே நாளில் 60 ரூபாய் கேட்டால் சிலர் முகம் மாறும். வாரம் 5 ரூபாய் யாருக்கும் பாரம் இல்லை. இதை "விழாத் தொகை" என்று தனிப் பக்கத்தில் எழுதி, தனி உறையில் வையுங்கள். சேமிப்போடு கலக்கக் கூடாது. குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகே வசூலை ஆரம்பியுங்கள்.

ஒரு வாரம் தர முடியாதவர் இருப்பார். அவரிடம் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். பணத்துக்குப் பதிலாகப் பொருள் தரலாம், உழைப்பும் தரலாம் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஒருத்தர் வீட்டுக் கொல்லையில் பரங்கிக்காய் காய்த்திருக்கும். ஒருத்தர் இரண்டு படி மல்லாட்டை தருவார். ஒருத்தர் விறகு தருவார். ஒருத்தர் அடுப்படியில் நின்று சமைப்பார். எல்லாமே பங்குதான். கணக்கு எழுதும்போது "பரங்கிக்காய் 2, விறகு ஒரு கட்டு" என்று அதையும் எழுதுங்கள். அப்பொழுதுதான் பணம் கொடுத்தவருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் ஒரே மரியாதை இருக்கும்.

பிடி அரிசிப் பழக்கம் நமக்குப் புதுசு இல்லை. ஆளுக்கு 200 கிராம் பச்சரிசி கொண்டுவந்தால் 15 பேருக்கு 3 கிலோ ஆச்சு. அரிசிச் செலவு தீர்ந்தது.

ஒரு மாதிரிக் கணக்கு

15 உறுப்பினர்கள், அவர்களோடு வீட்டுக்கு இரண்டு பேர் என்றால் மொத்தம் 45 பேர். 1 கிலோ அரிசியில் சர்க்கரைப் பொங்கல், 2 கிலோ அரிசியில் வெள்ளைப் பொங்கல், பரங்கிக்காய் மொச்சைக் குழம்பு, கடைசியில் சுக்கு மல்லிக் காபி. விலை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கடையில் விசாரித்து உங்கள் கணக்கைப் போடுங்கள். இது மாதிரிக்கு மட்டும்:

வெல்லம் 2 கிலோ – 140 ரூபாய்
நெய் கால் கிலோ – 170 ரூபாய்
பாசிப்பருப்பு முக்கால் கிலோ – 100 ரூபாய்
முந்திரி 100 கிராம் – 100 ரூபாய்
திராட்சை 50 கிராம் – 30 ரூபாய்
ஏலக்காய் – 30 ரூபாய்
பால் 1 லிட்டர் – 50 ரூபாய்
சுக்கு 50 கிராம், மல்லி 100 கிராம் – 60 ரூபாய்
கோலப்பொடி, கலர்ப்பொடி – 90 ரூபாய்
மொத்தம் – 770 ரூபாய்

900 ரூபாயில் 130 ரூபாய் மிச்சம் இருக்கும். அதைத் தொடாமல் வையுங்கள். கடைசி நேரத்தில் உப்பு, தீப்பெட்டி, எண்ணெய் என்று ஏதாவது கட்டாயம் வரும். காய்கறி, மொச்சை, மல்லாட்டை, விறகு எல்லாம் உறுப்பினர் வீடுகளிலிருந்து வருகிறது.

சமையல் அளவில் ஒரு குறிப்பு. சர்க்கரைப் பொங்கலுக்கு 1 கிலோ அரிசிக்குக் கால் கிலோ பருப்பு, ஒன்றரை கிலோ வெல்லம். பாலும் தண்ணீருமாகச் சேர்த்து 5 லிட்டர் அளவு. அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்த பிறகே வெல்லத்தைச் சேர்க்கணும். முன்னாலேயே போட்டால் அரிசி வேகாமல் விறைத்துக்கொள்ளும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றினால் மண் கல் வராது. இந்த அளவு 40, 45 பேருக்கு ஆளுக்கொரு கரண்டி தாராளமாக வரும். மீதி அரை கிலோ வெல்லம் சுக்குக் காபிக்கு.

இரண்டாம் படி: எந்த நாள், எந்த நேரம்?

பொங்கல் அன்று அவரவர் வீட்டில் வேலை. மாட்டுப் பொங்கல் அன்று மாடு கன்று இருக்கிற வீட்டில் நிற்க நேரம் இருக்காது. அதனால் குழு விழாவை மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலோ, தை பிறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமையிலோ வைப்பது நல்லது. பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகளும் வருவார்கள். டிசம்பர் 25 கிறிஸ்துமஸ், ஜனவரி 1 புத்தாண்டு. கிறிஸ்தவச் சகோதரிகள் இருக்கும் குழுக்கள் அவர்களைக் கேட்டுவிட்டு நாள் குறிக்க வேண்டும்.

நேரம் மாலை 3 மணி முதல் 6 மணி வரை வைக்கலாம். காரணம் இருக்கிறது. கூலிக்குப் போகிறவர்கள் அரைநாள் வேலை முடித்துவிட்டு வரலாம், கூலி முழுசாகப் போகாது. தை மாதத்தில் 6 மணிக்கே பொழுது சாய்ந்து பனி இறங்கிவிடும். கைக்குழந்தைக்காரர்களும் வயதானவர்களும் அதற்குள் வீடு போய்ச் சேரணும். செஞ்சி, வந்தவாசிப் பக்கம் சமண நயினார் குடும்பங்கள் பல இருக்கின்றன. மேல்சித்தாமூர் மடம் அவர்களுக்குத் தலைமை மடம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத பழக்கம் உள்ளவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். 5 மணிக்குப் பந்தி போட்டால் அவர்களும் உட்காருவார்கள். சமையல் சைவமாக இருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

மூன்றாம் படி: எந்த இடம்?

"நம்ம வீட்டு வாசல்லயே வச்சிக்கலாம்" என்று ஊக்குநர் சொல்வார். மனசு நல்ல மனசுதான். ஆனால் எல்லோரும் தயங்காமல் காலடி வைக்கும் இடமா என்று முதலில் யோசியுங்கள். ஊர்த் தெருவில் உள்ள வீட்டு வாசலுக்குக் காலனி உறுப்பினர்கள் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனால் அது குழு விழா ஆகாது. ஊராட்சிக் கட்டடம், பள்ளி வளாகம், கூட்டமைப்பு அலுவலகம் மாதிரிப் பொது இடமே சரி. பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

ஒரே பானை, ஒரே பந்தி. தனித்தனி வரிசையும் தனித்தனி டம்ளரும் கூடவே கூடாது. அரசு அலுவலகங்களில் "சமத்துவப் பொங்கல்" என்று வைக்கிறார்களே, அந்தப் பெயருக்குப் பொருள் இதுதான்.

நம்ம சீயமங்கலத்தைப் பாருங்கள். தேசூர் பக்கத்து இந்தச் சின்ன ஊரில் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று பேர். தூணாண்டார் கோயில் என்றும் சொல்வோம். அதன் தூணில் உள்ள ஆடும் சிவன் சிற்பம், தமிழ்நாட்டுக் கல் சிற்பங்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. அதே ஊர்ப் பாறையில் பார்சுவநாதர், பாகுபலி என்று 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இரண்டும் ஒரே ஊரில் இருக்கும்போது, 15 பேர் ஒரே பந்தியில் உட்கார முடியாதா?

நான்காம் படி: அடுப்பை யார் பற்றவைப்பது?

இதுதான் ரொம்ப முக்கியமான விஷயம். கூட்டத்தில் பேசத் தயங்கும் விஷயமும் இதுதான்.

ஏறக்குறைய எல்லாக் குழுவிலும் கணவரை இழந்த சகோதரிகள் இருக்கிறார்கள். சேமிப்பில் முன்னால் நிற்பார்கள். தவணையை நாள் தவறாமல் கட்டுவார்கள். வங்கிக்கு அலைவார்கள். ஆனால் விழா என்று வந்தால் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். "நான் எதுக்கும்மா, நீங்க பாருங்க" என்பார்கள். நாமும் அதை அப்படியே விட்டுவிடுகிறோம். கணக்கு எழுதும்போது ராசி பார்க்காத நாம், அடுப்பு மூட்டும்போது மட்டும் பார்க்கலாமா?

மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். கணவர் இறந்ததும் பெண்ணின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது, தாலியை அறுப்பது போன்ற சடங்குகளை நிறுத்துவது என்று 2022 மே மாதம் அந்த ஊர் கிராமசபை தீர்மானம் போட்டது. அதே மாதம் மகாராஷ்டிர அரசு, மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு ஊரே தீர்மானம் போட முடிந்திருக்கிறது. 15 பேர் உள்ள நம்ம குழுவால் முடியாதா?

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்:

1. எல்லா உறுப்பினர் பேரையும் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். ஒரு சின்னப் பிள்ளை எடுக்கட்டும். யார் பேர் வருகிறதோ அவர் அடுப்பு மூட்டுவார். யாரும் விலகக் கூடாது, யாரையும் விலக்கவும் கூடாது.

2. பானையில் முதல் அரிசியை ஒருத்தர் மட்டும் போட வேண்டாம். 15 பேரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு பிடி போடுங்கள். பொங்கி வரும்போது அது எல்லோருடைய பொங்கல்.

3. வாசலில் வரவேற்புத் தட்டு வைத்தால் வருகிறவர் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுங்கள். பூவும் கற்கண்டும் போதும். ஒருத்தருக்குக் குங்குமத்தை நீட்டி, அடுத்தவருக்குத் தட்டைத் தள்ளிப் பிடிக்கிற சங்கடம் வராது.

4. இதையெல்லாம் விழா அன்று திடீரென்று சொல்லாதீர்கள். முந்தைய கூட்டத்திலேயே பேசி முடிவு எடுங்கள். அந்தச் சகோதரிகளின் விருப்பத்தையும் கேளுங்கள். பரிதாபப்பட்டு முன்னால் இழுத்து நிறுத்துவதும் மரியாதை ஆகாது. எல்லோருக்கும் பொதுவான விதி இருந்தால் யாரும் கூச வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வேலைப் பிரிப்பு

எந்த விழாவிலும் மூன்று பேர் மட்டும் காலையிலிருந்து அடுப்படியில் வேகுவார்கள். மற்றவர்கள் பட்டுப்புடவையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வருஷம் அந்த மூன்று பேரும் வர மாட்டார்கள்.

அதனால் ஐந்து வேலையாகப் பிரியுங்கள்: சாமான் வாங்குவது, சமையல், இடத்தைக் கூட்டிக் கோலம் போடுவது, விளையாட்டும் பிள்ளைகளும், கடைசியில் சுத்தம் செய்வது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர். 15 பேருக்கும் வேலை ஆச்சு. பேர்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பாத்திரம் கழுவ வீட்டு ஆண்களைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டவர்கள்தானே, கழுவட்டும்.

விளையாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். கோலப்போட்டி, எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம், இசை நாற்காலி போதும். ஓட முடியாதவர்களுக்குப் பல்லாங்குழி. எல்லோரும் சேர்ந்து ஒரு கும்மி. மாற்றுத்திறனாளி உறுப்பினருக்கும் வயதானவர்களுக்கும் நாற்காலி போட்டு, கூட்டத்தின் நடுவில் உட்கார வையுங்கள். மூலையில் வேண்டாம்.

பரிசுக்கு ஒரு வழி சொல்கிறேன். வெளிநாட்டு அலுவலகங்களில் டிசம்பர் மாதம் கூட வேலை செய்பவர்கள் பேரைச் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். யார் பேர் வருகிறதோ அவருக்கு மட்டும் ஒரு சின்னப் பரிசு. இத்தனை ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு இருக்கும். நாமும் செய்யலாம். வரம்பு 20 ரூபாய். அல்லது பணமே வேண்டாம், வீட்டில் இருக்கிற விதை, செடி, ஊறுகாய், கையால் செய்த பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பரிசு நிச்சயம் கிடைக்கும். யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

பந்தி முடிந்ததும் 10 நிமிஷம் ஒதுக்கி, அந்த வருஷம் அமைதியாக வேலை செய்தவர்களைப் பேர் சொல்லிப் பாராட்டுங்கள். கணக்கு எழுதியவர், வங்கிக்குப் போய் வந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து துணை இருந்தவர். கைதட்டுக்குக் காசு செலவில்லை.

ஆறாம் படி: அன்று பேசக் கூடாதது

தவணை பாக்கி உள்ளவர்கள் விழாவுக்கு வர மாட்டார்கள். "வந்தா எல்லார் முன்னாலயும் கேட்டுடுவாங்க" என்ற பயம். அதனால் விழா நாளில் கடன், தவணை, வட்டி, வருகைப்பதிவு எதுவும் பேசுவதில்லை என்று முதலிலேயே முடிவு எடுத்து, பாக்கி உள்ளவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கடனுக்குக் கூட்ட நாள் இருக்கிறது. விழாவில் மனசு விட்டுச் சிரித்தவர் அடுத்த கூட்டத்துக்கு வருவார். கூட்டத்துக்கு வருகிறவர் தவணைக்கும் ஒரு வழி பேசுவார்.

புகை, குப்பை, நெருப்பு

போகி அன்று பழசை எரிக்கும்போது டயர், பிளாஸ்டிக் வேண்டாம். பனிக்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். புகை மேலே போகாமல் நம்ம மூக்கு மட்டத்திலேயே நிற்கும். 2018 போகி அன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போச்சு. ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் என்ன பாடுபடுவார்கள் என்று யோசியுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் தட்டும் அதில் அடக்கம். வாழை இலை போடுங்கள். காபிக்கு அவரவர் வீட்டு டம்ளரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுப்பருகில் நிற்பவர்கள் பருத்திப் புடவை கட்டி, முந்தானையைச் செருகிக்கொள்ளணும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் கட்டாயம். சமைத்த சாப்பாட்டை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிடுங்கள்.

வெளியே போக விருப்பமா?

சில குழுக்கள் காணும் பொங்கலுக்குச் சுற்றுலா போக ஆசைப்படும். தூரம் போய்ச் செலவு பண்ண வேண்டாம். சீயமங்கலம் கோயிலும் மலையும் இருக்கிறது. செஞ்சிக்கோட்டை இருக்கிறது. மராட்டியப் படைத்தளங்கள் என்ற தொகுப்பில் 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ராஜகிரி மேல் ஏற விரும்புகிறவர்கள் காலையிலேயே கிளம்பணும். ஏற முடியாதவர்கள் கீழே கல்யாண மகால், களஞ்சியம் எல்லாம் பார்த்துக்கொண்டு உட்காரலாம். கட்டுச்சோறு, தண்ணீர், குப்பை போட ஒரு சாக்கு, மூன்றும் மறக்காதீர்கள். காணும் பொங்கல் அன்று கூட்டம் அதிகம். பிள்ளைகள் சட்டைப் பையில் அம்மா பேரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள்.

விழா முடிந்த பிறகு

அடுத்த கூட்டத்தில் வரவு செலவை வாசியுங்கள். என்ன வந்தது, என்ன செலவானது, என்ன மிச்சம், யார் என்ன பொருள் கொடுத்தார்கள், எல்லாம். பில்களை ஒட்டி வையுங்கள். மிச்சப் பணத்தை என்ன செய்வது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணுங்கள். அடுத்த வருஷத்துக்கு அதுவே முதல் போடாக இருக்கட்டும்.

அதற்கு அடுத்து வருகைப்பதிவேட்டை எடுத்து, விழாவுக்கு யார் வரவில்லை என்று பாருங்கள். வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய், "ஏன் வரலை?" என்று குற்றமாகக் கேட்காமல், "நீங்க இல்லாம குறையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். கொஞ்சம் பொங்கலும் எடுத்துப் போங்கள் என்றால், அது விழா அன்றே போக வேண்டிய வேலை. அதையும் சுத்தம் செய்யும் மூன்று பேரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் பேச

1. போன விழாவுக்கு நம்ம குழுவில் யார் யார் வரவில்லை? உண்மையான காரணம் என்ன?
2. வாரம் எவ்வளவு போட முடியும்? பொருளாக யார் என்ன தரலாம்?
3. எல்லோரும் தயங்காமல் வரும் இடம் நம்ம ஊரில் எது?
4. அடுப்பு மூட்டச் சீட்டுக் குலுக்குவது பற்றி நம்ம கருத்து என்ன?

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் இந்தப் பக்கங்களைக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். நாலு கேள்விக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு குழு கண்டுபிடித்த வழி இன்னொரு குழுவுக்கு உதவும்.